தலைப்பொங்கலுக்கு அறுக்காத ஆடு

எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுத்த கையோடு ஒரு கிடாய்க்குட்டியையும் பிடித்துக் கட்டிவிடுவார்கள். தலைப்பொங்கலுக்கு மாப்பிள்ளை வரும்போது, மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் கரிநாளன்று, அதை அறுக்க வேண்டும். தொடைக்கறி குழம்பாகித் தூக்குச்சட்டியில் ஏறிச் சம்பந்தி வீட்டுக்குப் போக வேண்டும். கல்யாணத்தில் என்ன போட்டார்கள் என்பதைக்கூட மறந்துவிடுவார்கள், தொடை வராததை மறக்கமாட்டார்கள். அதிலும் என் மாமியாருக்கு ஞாபகசக்தி அதிகம்.

என் கணவருக்குத் திருமலையில் ஓட்டல் வேலை. மலைமேல் முட்டை வாசம்கூட ஆகாது. மார்கழி முழுக்கப் புளியோதரையும் தயிர்சாதமுமாக ஓட்டிவிட்டுக் கீழே இறங்கியவர், என்னோடு கங்காதர நெல்லூர் பக்கம் எங்கள் ஊருக்குப் பஸ் ஏறினார். சந்திரகிரி தாண்டுவதற்குள்ளேயே, "நல்லி எலும்பு எனக்குத்தான?" என்று ஆரம்பித்துவிட்டார். புதுப் பெண்டாட்டியை ஒருநாளாவது அவ்வளவு ஆசையாகப் பார்த்திருப்பாரா என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

வீட்டில் கிடாய் கொழுகொழுவென்று நின்றது. அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு என் அண்ணன் நின்றான்.

ஊர் இளவட்டங்களில் பாதிப் பேர் பெங்களூருக்கும் பாதிப் பேர் குவைத்துக்கும் போய்க்கொண்டிருந்த காலம் அது. குவைத்திலிருந்து திரும்பினவர்கள் டேப்ரிகார்டரும் சென்ட் பாட்டிலும் கொண்டுவந்தார்கள். எங்கள் அண்ணன் ஒரு கொள்கையைக் கொண்டுவந்திருந்தான். அவன் கறி தின்னமாட்டானாம், இந்த ஆட்டையும் அறுக்கவிடமாட்டானாம்.

"ஏண்டா, கொய்த்துல மடத்துலயா வேல செஞ்ச?" என்றார் நைனா.

"ஆட்டுக் கொட்டாயிலதான் நைனா. ஆடு கப்பல்ல வருது. அது துன்ற புல்லும் கப்பல்ல வருது. சமுத்திரத்துத் தண்ணியில உப்பெடுத்து அதுக்குக் குடிக்கக் குடுக்கறாங்கோ. எல்லாம் பண்ணி தட்டுல கறி வெச்சா, பாதி குப்பைக்குப் போவுது. புழுக்கைய வாரிக் கொட்ட ஒரு கழனி கெடயாது, குமிஞ்சிக்கினு நாறுது."

"அது அந்த ஊரு ஆடு," என்றாள் அம்மா. "நம்ம ஆடு முள்ளுச் செடிய மேயுது, கழனிக்கு எரு போடுது. இதப் போயி ஏண்டா அதோட சேக்கற?"

"எங்கம்மா மேயுது? கரடெல்லாம் மாந்தோப்பாக்கி கம்பி கட்டிட்டாங்கோ. நைனா போர்வெல் தண்ணிய வுட்டு இதுக்குப் புல்லு வளத்துக்கினு கீறாரு. அந்த போரு இப்பவே காத்து ஊதுது."

போர் என்ற பேச்சை எடுத்ததும் நைனா எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

அண்ணன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனாலேயே எனக்கு ஆத்திரம் பொங்கியது. "உன் கொள்கைய வேற யாரு பொங்கலுக்காவது வெச்சிக்கக் கூடாதாண்ணா? நான் அந்த வூட்ல போயி வாழ வாணாவா?" என்று அழுதேவிட்டேன். அவன் முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் கயிற்றை விடவில்லை.

"உன்ன கொறையா அனுப்பமாட்டேம்மா," என்றவன், கொல்லையிலிருந்து ஒரு கோணி நிறைய மொச்சைக்காயைக் கொண்டுவந்து கொட்டினான். "பனியிலயே காச்சது. ஒரு சொட்டு போர்த் தண்ணி வுடல."

காயை உரித்துக் கொட்டையை ராத்திரியே ஊறவைத்தோம். ஊறிய கொட்டையை இரண்டு விரலால் பிதுக்கினால் தோல் கையில் நிற்கும், பருப்பு எகிறி விழும். அதுதான் பிதுக்கம்பருப்பு. அந்த வேலையில் யாருக்கும் விலக்கு கிடையாது, விருந்துக்கு வந்த மாப்பிள்ளையையும் கரிநாள் காலையில் உட்காரவைத்துவிட்டார்கள். அவர் அண்ணனின் கழுத்தை நினைத்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிதுக்கினார். ஒன்று பறந்து நைனாவின் டீயில் விழுந்தது. நைனா அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

சம்பந்தி முறைக்குப் பயந்த அம்மா கறிக்குழம்புக்கு அரைத்த கசகசா, கொப்பரை, பட்டை, லவங்கம் எல்லாவற்றையும் அதில் கொட்டினாள். வாசனை தெருவைக் கூட்டிவிட்டது. ஆடு அறுத்தால் பங்காளிகளுக்குப் பங்கு உண்டு. ஆளுக்கொரு கிண்ணத்தோடு வந்து, "அறுத்துட்டு ஒரு வார்த்த சொல்லலயே!" என்று சண்டைக்கு நின்றார்கள். அவர்கள் காலுக்கு நடுவே புகுந்து கிடாய் மொச்சைத் தோலைத் தின்றுகொண்டிருந்தது. வந்தவர்கள் ஆட்டைப் பார்த்தார்கள், குண்டானைப் பார்த்தார்கள். ஆனாலும் ஒருவர்கூடக் கிண்ணத்தைக் காலியாக எடுத்துப் போகவில்லை.

என் கணவர் முதல் களியுருண்டையை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தின்றார். இரண்டாவதற்குத் தூக்கிய முகம் இறங்கியது. மூன்றாவது தின்றபின், சப்புவதற்கு எலும்பு இல்லாத குறைக்கு விரல்களைச் சப்பினார்.

மிச்சமிருந்த என் பிரச்சினை தூக்கில் இருந்தது. அம்மா அதில் வழிய வழியக் குழம்பு ஊற்றிக் கொடுத்திருந்தாள். மாமியார் வீடு இருந்த திருப்பதி வரைக்கும் என்ன பொய் சொல்வதென்று நான் தவித்தேன், உண்ட மயக்கத்தில் அவர் என் தோளில் சாய்ந்து தூங்கினார்.

மாமியார் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். கரண்டியை அடிவரை விட்டுத் துழாவினார். தொடை அகப்படவில்லை. சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றிச் சாப்பிட்டார். மறுபடி ஊற்றினார். என் காலம் முழுக்க இந்த ஒரு தூக்குக்காகப் பேச்சு வாங்கப்போகிறேன் என்று நான் சுவரோடு ஒட்டி நின்றேன்.

கை கழுவிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, உங்க வூட்டு ஆட்டுக்கு எலும்பே கெடயாதா?"

நான் தூக்குக்கு மூடியைப் போட்டேன்.

"பல்லு போன காலத்துல எனக்குன்னே வளத்தாப்புல கீது," என்றார், நாலு பல் தெரியச் சிரித்தபடி. "வர்ற வருசமும் இதே ஆட்டயே அறுக்கச் சொல்லு."