வசனம் தின்ற மிருகம்

1. புரூப்

செங்கல்பட்டு அச்சகத்தில் எங்கள் சித்திரக்கதையின் முதல் இதழ் தயாராகிக்கொண்டிருந்தது. மெஷின்மேன் கஃபூர் பாய் கடைசிப் பக்கத்துப் புரூப்பை என் கையில் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். மிருகத்துக்குத் தலை இல்லை. தலை இருக்கவேண்டிய இடத்தில் கட்டம் கட்டி வசனம் நின்றது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் எரிகிறது.

இப்போது படம் போடுகிற பிள்ளைகளுக்கு அந்தக் காலத்து வேலை தெரியாது. நான் மையால் போட்ட படம் ரயிலில் மெட்ராஸ் போய், துத்தநாகத் தகட்டில் பிளாக்காகி, மரக்கட்டையில் அறையப்பட்டுத் திரும்பி வரும். வசனம் மட்டும் இங்கே கம்போஸ் ஆகும். படத்தில் நான் காலியாக விட்ட இடத்தை ரம்பத்தால் அறுத்து ஓட்டை போட்டு, அதில் ஈய எழுத்துகளைச் சொருகுவார்கள். அறுத்த பிளாக் அறுத்ததுதான். ஒட்டவைக்க வழியே கிடையாது.

கதை இதுதான். கடலுக்கடியில் ஒரு நகரம், அதைத் தேடிப் போகும் இளவரசன், வழிமறிக்கும் மிருகம். இதழ் முழுக்க வால் தெரியும், நிழல் தெரியும், மிருகம் தெரியாது. கடைசிப் பக்கத்தில்தான் அலையைப் பிளந்துகொண்டு தலை தூக்கும். அந்தத் தலையைப் பார்த்தால்தான் பையன்கள் அடுத்த மாதமும் வாங்குவார்கள்.

சும்மா கற்பனையில் போட்ட தலையும் இல்லை. லீவு நாளெல்லாம் திருக்கழுக்குன்றம் வழி பஸ் பிடித்து மகாபலிபுரம் போவேன். கரையில் மீன் எடுத்து விற்கும் கன்னியம்மாவின் கூடைக்கு முன்னால் உட்கார்ந்து விலாங்கின் தாடை, சுறாவின் கண், திருக்கையின் தோல் என்று வரைந்துகொண்டிருப்பேன். மீன் கெட்டுப்போகிறது என்று திட்டுவாள். திட்டிக்கொண்டே மீனைத் திருப்பியும் காட்டுவாள். புஸ்தகம் வந்தால் கொண்டுவந்து காட்டவேண்டும் என்று மட்டும் கேட்டிருந்தாள்.

2. முதலாளி

வசனம் எழுதியது அச்சக முதலாளி. நாடகக் கம்பெனிகளுக்கு எழுதிப் பழகிய கை. இரண்டு வரிக்கு இடம் விடச் சொன்னதும் அவர்தான். பிளாக் வந்த பிறகு வீரம், மானம், தாய்நாடு என்று இளவரசனின் பேச்சை வளர்த்துக்கொண்டே போனார். இடம் போதாததும் இன்னும் அறுக்கச் சொல்லிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நேரே போய்ப் புரூப்பை அவர் மேஜையில் போட்டேன். வெற்றிலையை மடித்தபடி என்னை உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"தம்பி, ஜனங்க நாடகத்துக்கு இன்னாத்துக்கு வராங்க? வசனம் கேக்க. உன் பாம்பு பல்லியப் பாக்கவா வராங்க?"

"இது நாடகம் இல்ல மொதலாளி, படக்கதை. படத்த அறுத்துட்டா அப்புறம் இன்னா இருக்குது?"

"மிருகம் அடுத்த மாசமும் வரும். வசனத்த இப்பவே பேசியாவணும்."

புது பிளாக் செய்யச் சொல்லிக் கெஞ்சினேன். தீபாவளிக்குக் கடைக்குப் போகவேண்டிய இதழ், முடியாது என்றுவிட்டார். வசனத்தைக் குறைத்தாலும் அறுத்த இடம் வெள்ளையாகப் பல்லைக் காட்டும். அவரை ஒன்றும் செய்ய முடியாத ஆத்திரத்தில் கஃபூர் பாயிடம் போய்க் கத்தினேன்.

"அவரு சொன்னாரு, அறுத்தேன். அறுக்கசொல்ல எனக்கே பேஜாராத்தான் இருந்துச்சி," என்றார் அவர். அதற்கு மேல் அவரிடம் கத்தி என்ன பயன்?

3. கரை

இதழ் நன்றாகவே விற்றது. அதுதான் என் வயிற்றெரிச்சலை இன்னும் கிளப்பியது. ஸ்டேஷன் கடைக்காரர் முதற்கொண்டு எல்லாரும் வசனத்தைப் புகழ்ந்தார்கள். முதலாளி அந்தப் பக்கத்துக்குக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டார்.

வாக்குக் கொடுத்ததற்காக ஒரு பிரதியோடு மகாபலிபுரம் போனேன். கன்னியம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். வாலைப் பார்த்து, திருக்கை வால்தானே என்று சிரித்தாள். கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் பின்னட்டையைத் திருப்பினாள். மறுபடி கடைசிப் பக்கத்துக்கே வந்தாள்.

"எங்க கீது அது?"

நடந்ததைச் சொன்னேன். அவள் முகம் மாறியது.

"இதுக்கா எம் மீன வெயில்ல போட்டு நாற வெச்ச? தலய எடுத்துட்டா இவன் யார்கூட சண்ட போடுறான்?"

புஸ்தகத்தை என் மடியில் போட்டுவிட்டு வியாபாரத்தைப் பார்க்கப் போய்விட்டாள்.

அவள் கேட்டதை முதலாளியிடம் அப்படியே சொன்னேன். மீன் விற்கிறவளுக்குக் கதையைப் பற்றி என்ன தெரியும் என்றார். அவளுடைய மீன் இல்லாமல் உங்களுக்கு மிருகமே இல்லை என்றேன். அங்கேயே நிபந்தனையும் போட்டேன். இனி வசனம் முழுதாக என் கைக்கு வந்த பிறகுதான் பென்சிலைத் தொடுவேன். அப்புறம் ஒரு வார்த்தை கூட்டினாலும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம். முறைத்தார், ஆனால் ஒப்புக்கொண்டார். பிறகு எந்த அச்சகத்திலும் அப்படியேதான் வேலை செய்தேன். படம் போடுகிற நீங்களும் அப்படியே செய்யுங்கள். திமிர் பிடித்தவன் என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

இரண்டாம் இதழில் மிருகத்தை முழுப் பக்கத்துக்குப் போட்டேன். கன்னியம்மாவிடம் அதைக் காட்டினேன், இதுதான் மிருகம் என்று ஒத்துக்கொண்டாள். ஆனாலும் என் ஆத்திரம் தீரவில்லை. போன இதழைத் திருப்பி அடிக்கவா முடியும்? அதில் அந்த இளவரசன் இன்றைக்கும் வாளை ஓங்கிக்கொண்டு தன் வசனத்தோடேயே சண்டை போட்டுக்கொண்டு நிற்கிறான்.