கட்டாத கட்டடம் சேமித்த மின்சாரம்

புனேயில் என்னை அடித்தவர்கள் எட்டுப் பேர். ஒன்பதாவதாகவும் ஒருவர் இருந்தார். ஆனால் அவர் அடிக்க இடம் கிடைக்காமல் சுற்றிச் சுற்றித்தான் வந்தார், அவரைக் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை. அடி வாங்குகிறவன் எப்படி எண்ணினான் என்று கேட்பீர்கள். பயம் வந்தால் சிலருக்குக் கடவுள் பெயர் வாயில் வரும். எனக்கு எண்கள் வரும். இந்த வம்பே என் எண்களால் வந்ததுதான். என் பைக்கின் நம்பர் மும்பையில் சட்டமன்றத்தில் வாசிக்கப்பட்டது. சேமித்த மின்சாரத்தின் யூனிட் கணக்காக.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் ஆகியிருந்தது. கோயமுத்தூரிலிருந்து வந்து புனேயின் ஔந்த் பகுதியில் மூன்று பேரோடு ஒரு ஃபிளாட்டில் கிடந்தேன். நான் வேலை பார்த்த சிறிய கம்பெனி அரசுக் கட்டடங்களுக்கு ஒரு பெட்டி மாட்டிக் கொடுத்தது. டியூப்லைட்டுகளுக்குப் போகும் வோல்டேஜைப் பெட்டி கொஞ்சம் குறைக்கும், மின்சாரம் மிச்சமாகும் என்பது சொல். எந்தக் கட்டடத்தில் எவ்வளவு மிச்சம் என்று பட்டியல் போட ஒரு மென்பொருள். அதை எழுதியவன் நான்.

அது ஓடிய இடம் ஓர் அரசு மின்பிரிவு அலுவலகத்தின் முதல் மாடி. ஊழியர்கள் எல்லாரும் கிறீச்சிடும் ஃபேனுக்குக் கீழே வேர்த்துக்கொண்டிருக்க, மின்சாரம் மிச்சம் பிடிக்கும் கம்ப்யூட்டருக்கு மட்டும் தனி அறை, ஏ.சி. தூசி போகக்கூடாது என்பதால் செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே போகவேண்டும். பொறுப்பு அதிகாரி ஒரு மராட்டியப் பொறியாளர். எல்லாருக்கும் சாஹேப். தெற்கத்தியான் என்பதால் நான் அவருக்கு ‘அண்ணா’; அவருக்கு என் அப்பா வயது. அங்கே எனக்குத் தமிழ் பேசக் கிடைத்த ஒரே ஆள் ஸ்டெனோ அக்கா. மூன்று தலைமுறையாகக் கன்டோன்மென்ட் பக்கம் குடியிருக்கும் கிறிஸ்துவக் குடும்பம். ஒரே வாக்கியத்தில் மூன்று மொழி பேசுவார், மூன்றிலும் அதட்டுவார்.

கிளார்க்குக்குச் சொல்லிக் கொடுப்பதற்காக நான் சில பொய்க் கணக்குகளை உள்ளே போட்டுவைத்தேன். பீரோவில் கிடந்த ஒரு பழைய பட்டியலிலிருந்து கட்டடங்களின் பெயர், கைக்கு வந்ததிலிருந்து யூனிட்: பைக் நம்பர், ஊர் வீட்டு டெலிபோனின் கடைசி எண்கள், கல்லூரி ரோல் நம்பர். ஒப்படைக்கும் முன் அழித்துவிடவேண்டும். அழிக்கலாம், அழிக்கலாம் என்று இருந்துவிட்டு, காய்ச்சல் என்று பொய் சொல்லி ஹிஞ்சேவாடியில் ஒரு பெரிய கம்பெனிக்கு இன்டர்வியூ போனேன்.

அன்றைக்குப் பார்த்து மும்பையிலிருந்து ஃபேக்ஸ் வந்தது. மாவட்டத்தின் எம்.எல்.ஏ. ஒருவர் சட்டமன்றத்தில் கேள்வி போட்டிருந்தார். அவர் தொகுதியில் பாதி நாள் மின்வெட்டு, பம்ப்செட் ஓடாமல் கரும்பு காய்ந்துகொண்டிருந்தது. எத்தனை பெட்டி மாட்டினீர்கள், எவ்வளவு மிச்சம், அளந்தது யார், அந்தக் கணினிக் கணக்கைச் சரிபார்த்தது யார் என்று கேட்டிருந்தார். முதல் மூன்றை யாரும் கேட்பார்கள். நாலாவதைக் கேட்கிற எம்.எல்.ஏ.வை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மாலைக்குள் பதில் போயாகவேண்டும். கிளார்க் நான் சொல்லிக் கொடுத்திருந்த ஒரே ஒரு பட்டனை அழுத்தினார். பட்டியல் வந்தது. சாஹேப் கையெழுத்துப் போட்டார். அமைச்சர் அதைச் சபையில் படித்துவிட்டார்.

எம்.எல்.ஏ. எழுந்து துணைக்கேள்வி கேட்டாராம். “பட்டியலில் மூணாவதா ஒரு சுகாதார நிலையம் இருக்கே, அது என் தொகுதி. அங்க அஸ்திவாரத்துக்குத் தோண்டின குழி இருக்கு. குழியில தண்ணி இருக்கு. தண்ணியில எருமை இருக்கு. கட்டடத்தைக் காணோம். எந்த எருமை எத்தனை யூனிட் மிச்சம் பிடிச்சதுன்னு அமைச்சர் சொல்லுவாரா?”

சபை சிரித்ததைச் செவ்வாய்க்கிழமை மராட்டிப் பத்திரிகை போட்டிருந்தது. சாஹேப் என்னைக் கூப்பிட்டார்.

“அண்ணா, இந்தச் சுகாதார நிலையத்தை நாம எப்போ கட்டினோம்?”

பட்டியலைப் பார்த்தேன். எதிரே என் பைக் நம்பர் நின்றது. நான் எடுத்த பழைய பட்டியல், கட்டிய கட்டடங்களுடையது அல்ல, கட்டப்போகும் கட்டடங்களுடையது என்று அந்த நொடியில்தான் புரிந்தது. ‘இது என் தப்பு’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். “பார்த்துச் சொல்றேன் சாஹேப்” என்று வந்தது. கையெழுத்து அவருடையது, வேலை போனால் அவருக்குத்தான் போகும். உண்மை தெரிந்தவன் நான் ஒருவன். பிற்பகலே கம்ப்யூட்டர் அறைக்குள் போய் அந்தக் கணக்கு முழுவதையும் அழித்தேன். மாதக்கணக்கில் தள்ளிப்போட்ட வேலை, ஐந்து நிமிடத்தில் முடிந்தது. பயம் என்னை எவ்வளவு சுறுசுறுப்பாக்கும் என்பதற்கு இதுவே சாட்சி.

வெள்ளிக்கிழமை மதியம் எம்.எல்.ஏ.வின் ஆட்கள் வந்தார்கள். அந்த ஊரில் அதிகாரி மேல் கோபம் வந்தால் முதலில் மனு கொடுப்பார்கள், பிறகு கோஷம். அதற்கும் மேலே போனால் முகத்தில் கறுப்புப் பூசுவார்கள், போட்டோகிராபரையும் கூட்டிவந்து. இவர்கள் நேராக மூன்றாவது கட்டத்துக்கு வந்திருந்தார்கள். கேனில் கழிவு என்ஜின் ஆயில்.

கீழே கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. ஸ்டெனோ அக்கா மாடிப்படியில் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். “அரே தம்பி, ஜல்தி! கட்டை கிட்டையோட வர்றானுங்க. சாஹேபை உள்ள கூட்டிட்டுப் போய் டோர் மூடு!”

சாஹேபைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார் என்பது நினைவிருக்கிறது. நான் தனியாகப் போனதும் நினைவிருக்கிறது. ஆனால் உயிர் போகிற அந்த அவசரத்திலும் ஏ.சி. அறை வாசலில் நின்று, செருப்பைக் கழற்றி, ஜோடியாகச் சேர்த்துவைத்துவிட்டு, அதன்பிறகு உள்ளே போய்த் தாழ் போட்டவன் நான். தூசி போகக்கூடாதல்லவா.

கதவில் கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. அதன் வழியாகப் பார்த்தேன். முதலில் மேசைகள் கவிழ்ந்தன. கோப்புகள் பறந்தன. ஒருவன் டியூப்லைட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரில் அடித்தான், பட்டாசு மாதிரி. சாஹேபை நாற்காலியோடு இழுத்துக் கீழே தள்ளி, சட்டையைப் பிடித்துத் தூக்கிச் சுவரோடு நிறுத்தினார்கள். கன்னத்தில் ஓர் அறை. இன்னோர் அறை. அவர் மூக்குக்கண்ணாடி எங்கேயோ போய் விழுந்தது.

“லிஸ்ட்டை எழுதினது யாரு? சொல்லு! எந்தக் கான்ட்ராக்டர்?”

“கையெழுத்து என்னுது” என்றார் சாஹேப். உதட்டில் ரத்தம். “என்கிட்ட கேளு.”

மூன்றாவது அறை விழுந்தது. நான் யு.பி.எஸ். பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, என் உடம்பில் எவ்வளவு அதற்குப் பின்னால் மறையும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தலை மறைந்தது. மற்றதற்கு இன்னும் இரண்டு யு.பி.எஸ். வேண்டியிருந்தது. ‘இப்போது வெளியே போ’ என்று மனசு சொன்னது. கால்கள் அதைக் கூட்டத்தில் வைத்துப் பேசி முடிவெடுக்கலாம் என்றன.

எழுந்து மறுபடி பார்த்தபோது ஒருவன் டியூப்லைட்டை ஓங்கினான். மிரட்டத்தான் ஓங்கினான் என்று இன்றும் நம்ப விரும்புகிறேன். சாஹேப் முகத்தை மறைக்க வலது கையைத் தூக்கினார். குழாய் அந்தக் கையின்மேல் உடைந்தது. வெள்ளைப் பொடி புகைபோல எழுந்து அடங்கியதும், மணிக்கட்டிலிருந்து ரத்தம் முழங்கை வரை ஓடிச் சட்டையில் சொட்டியது. அவர் சுவரோடு வழுக்கி உட்கார்ந்தார்.

அப்போது ஒருவன் என் செருப்பைப் பார்த்துவிட்டான். “உள்ள ஆள் இருக்கான்டா!” நாலு உதையில் தாழ் பெயர்ந்தது. என் காலரைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார்கள். இன்னொருவன் மானிட்டரைத் தூக்கி ஜன்னல் வழியே கீழே எறிந்தான்.

பயத்தில் எனக்கு இந்தி மறந்தது. மராட்டி மறந்தது. சுத்தமான கோயமுத்தூர்த் தமிழில் கதறினேன். “நான்தானுங்க போட்டேன்! அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க! அது என்ற பைக் நம்பருங்க!”

“திட்டறான்டா நம்மள!” என்று ஒருவன் கன்னத்தில் விட்டான்.

சாஹேபின் கையைத் தன் சேலைத் தலைப்பால் கட்டிக்கொண்டிருந்த ஸ்டெனோ அக்கா திரும்பிப் பார்த்தார்.

“தம்பி. சச்சி, நிஜமா சொல்றியா? நீ போட்ட நம்பரா?”

“ஆமாங்க்கா. நீங்களே சொல்லிடுங்க்கா அவங்ககிட்ட.”

“நான் சொல்ல மாட்டேன். உன் பாவத்தை நான் டிரான்ஸ்லேட் பண்ணணுமா? நீயே மராட்டில சொல்லு. ஜோர்ஸே, சத்தமா சொல்லு.”

நான் சொன்னேன். “ஆக்டா மாஜா.” அந்த எண் என்னுடையது. மூன்று வருடம் அந்த ஊரில் இருந்து நான் தப்பில்லாமல் பேசிய முதல் மராட்டி வாக்கியம். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். பிறகு அந்த எட்டுப் பேர்.

அடி வாங்குவதில் ஒரு கட்டத்துக்குமேல் வலி தனித்தனியாகத் தெரியாது, சத்தம்தான் தெரியும். விலாவில் ஷூ. காதில் உள்ளங்கை. பல் ஒன்று நாக்கின்மேல் வந்து உட்கார்ந்தது, விருந்தாளி மாதிரி. கேனைத் தலைமேல் கவிழ்த்தார்கள். ஆயில் மூக்குக்குள் போனது, கண்ணுக்குள் போனது. போட்டோகிராபர் “முகத்தைக் காட்டு, முகத்தைக் காட்டு” என்றார். பழக்கதோஷம், காட்டினேன். போலீஸ் வண்டிச் சத்தம் கேட்டபிறகுதான் கலைந்தார்கள்.

அரசு மருத்துவமனையில் சாஹேபின் கையிலிருந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நரம்பு அறுந்திருக்கிறது, இரண்டு விரல் மடங்காது போலிருக்கிறது என்றார் டாக்டர். தாழ்வாரத்தில் நான் பெஞ்சில் ஆயில் சொட்ட உட்கார்ந்திருந்தபோது எம்.எல்.ஏ. வந்தார். வெள்ளைச் சட்டை, பம்ப்செட் மெக்கானிக் மாதிரி தடித்த விரல்கள். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அந்தப் பெட்டி நிஜமா மிச்சம் பிடிக்குதா இல்லையா?” என்றார் இந்தியில். நலம் விசாரிப்பார் என்று எதிர்பார்த்தவன் நான்.

“பழைய சோக் போட்ட லைட்டுன்னா கொஞ்சம் பிடிக்கும். புது எலக்ட்ரானிக் சோக்குன்னா ஒண்ணுமில்ல.”

“நீங்க மாட்டின கட்டடத்துல எந்த சோக் அதிகம்?”

“அதை யாரும் பார்க்கல சார்.”

“சரிபார்த்தது யாருன்னு கேட்டேனே. அதுக்கு இதுதான் பதில்” என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல.

ஸ்டெனோ அக்கா எழுந்து அவர் முன்னால் போய் நின்றார். சேலைத் தலைப்பு முழுக்க ரத்தம். மராட்டியில் சொன்னார்: “கேள்வியைச் சபையில கேட்டீங்க. பதிலை உங்க பசங்க எங்க ஆபீஸ்ல தேடினாங்க. அது உள்ள எங்க சாஹேப் கைல குத்திக்கிட்டு இருக்கு, பார்த்துட்டுப் போங்க.”

“நான் அனுப்பல.”

“தடுக்கவும் இல்ல.”

அவர் வார்டுக்குள் போய்ச் சாஹேபின் கட்டிலருகே நின்றார். போகும்போது மட்டும், “அடுத்த கூட்டத்தொடர்ல இதை மறுபடி கேப்பேன். இந்தத் தடவை உண்மையை எழுத்துல கொடுங்க” என்றார்.

உள்ளே போனேன். சாஹேபுக்குக் கண்ணாடி இல்லாமல் நான் யாரென்று அடையாளம் காணக் கொஞ்சம் நேரமானது. அடையாளம் கண்டதும் சிரிக்கப் பார்த்தார்.

“நீ வெளியே வந்தியே, அண்ணா. எனக்காகக் கதவைத் திறந்து வந்தியே.”

அவர் அப்போது கீழே கிடந்தார், கதவை உடைத்ததைப் பார்க்கவில்லை. அதோடு விட்டிருக்கலாம். எண் தப்பு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது, தெரிந்தவுடன் பாய்ந்து வந்தேன் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். வேறு யாருக்கும் தெரியாது. கதவு உடைந்ததைப் பார்த்த ஸ்டெனோ அக்கா நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பல் போன வாய், அதில் பார்க்க ஒன்றுமில்லை.

“கதவை அவங்க உடைச்சாங்க சாஹேப்” என்றேன். “நம்பர் தப்புன்னு எனக்குச் செவ்வாய்க்கிழமையே தெரியும். அன்னைக்கே அழிச்சுட்டேன்.”

அவர் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி என்று விரல் விட்டு எண்ணுகிறாரோ என்று தோன்றியது. பிறகு என் பக்கம் திரும்பாமல் எம்.எல்.ஏ. கேட்ட பதிலை அக்கா எழுதிக்கொள்ள மராட்டியில் சொல்லத் தொடங்கினார். நிறுத்தி, நிறுத்தி. பட்டியல் பயிற்சிக்காகப் போட்ட பொய்க் கணக்கு. போட்டவர் கம்பெனி ஆள். தவறு செவ்வாயன்று அவருக்குத் தெரிந்தது. அன்றே ஆதாரத்தை அழித்தார். வெள்ளியன்று சொன்னார். படித்துப் பார்க்காமல் கையெழுத்திட்டது என் குற்றம். பெட்டிகளின் சேமிப்பு இதுவரை அளக்கப்படவில்லை.

அக்கா சுத்தமாக எழுதி என்னிடம் நீட்டினார். கையெழுத்துப் போட்டால் கம்பெனியில் எனக்கு வேலை இருக்காது என்று தெரியும். போட்டேன். பேனா வழுக்கியது. என் கட்டைவிரல் பட்ட இடமெல்லாம் கறுப்பு. ‘செவ்வாய்’ என்ற சொல் இருந்த இடத்தில் ஆயில்தான் இருந்தது.

அக்கா காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது சலேகா நஹீ, செல்லாது தம்பி. போ, மண்ணெண்ணெய் கேட்டு வாங்கித் தேய்ச்சுக் கழுவிட்டு வா. நான் இன்னொண்ணு எழுதி வைக்கிறேன்.”

போய், மருத்துவமனைச் சமையற்கட்டில் கேட்டு வாங்கி, தோல் எரிய எரியத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து, இரண்டாவது காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன்.