கழற்ற முடியாத பிரேக்

திருத்தணியிலிருந்து சென்னைக்குப் போகும் காலை ரயிலில் எனக்கு எதிரே ஒருவர் உட்கார்ந்திருந்தார். நகக்கண்ணெல்லாம் கிரீஸ். மடியில் ஒரு மஞ்சள் பை. மணவூர் வருவதற்குள் அதைத் திறந்து, உள்ளே இருந்த உளியை நான்கு தடவை தொட்டுப் பார்த்துவிட்டார்.

சைக்கிள் கடைக்காரராம். சென்னையின் பழைய சைக்கிள் பந்தயத் திடலான வெலோட்ரோமில் பதினொரு மணிக்கு அவர் மகளுக்குப் பந்தயம். அவள் முந்தின நாளே போய்விட்டாள். அந்தச் சாய்வான சிமெண்ட் வட்டத்தில் ஒருமுறை ஓட்டியவரை எங்கள் ஊரில் சாகும்வரை ‘வெலோட்ரோம்காரர்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

“பிரேக் இருந்தா உள்ளயே உடமாட்டாங்களாம் தம்பி. மலை எறங்குற ஊரு நம்முளுது, பிரேக் இல்லாம ஒரு வண்டி என் கடையத் தாண்டாது. பொண்ணு வண்டிக்கும் மாட்டி, கழட்டிடுவாளேன்னு நட்டையும் அடிச்சு நசுக்கிட்டேன். இப்ப அங்க யாராலயும் முடியல. ‘நைனா, நீயே வா’ன்னு அழுதுகினு இருக்கா.”

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். யார் எதைக் கேட்டாலும் தேடிப் படித்துச் சொல்வது பழக்கம். செல்போனைப் பார்த்துச் சொன்னேன்.

“ஒருத்தர் திடீர்னு பிரேக் புடிச்சா பின்னால வர்றவங்க மோதி விழுவாங்களாம். அதாங்க, யாருக்குமே கிடையாது.”

“யாருக்குமேவா?”

“ஆங், யாருக்குமே.”

நிம்மதி வந்ததா, பயம் கூடியதா, முகத்தில் தெரியவில்லை. அவருடைய நிலையத்தில் இறங்கிப் போனவர் ஜன்னலுக்குத் திரும்பி வந்தார்.

“கழட்டி என் கையிலயே வச்சிக்கினு நிப்பேன் தம்பி. முடிஞ்சு வந்ததும் மாட்டிடுவேன்.”

அவள் ஜெயித்தாளா என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு வளைவிலும் அவர் அந்தப் பிரேக்கை அழுத்தியிருப்பார்.