எல்லாருக்கும் ஒரு பூ

எண்பதுகளின் நடுவில் நான் ஹூஸ்டனில் பொதுச் சுகாதாரம் படித்துக்கொண்டிருந்தேன். டெக்சாஸ் எல்லைப்புற ஆஸ்பத்திரிகளில் வேலை பார்க்க ஸ்பானிஷ் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லி, கோடை விடுமுறையில் எங்களை வட மெக்சிகோவில் ஒரு சின்ன ஊருக்கு அனுப்பினார்கள். வகுப்பில் தமிழர் மூன்று பேர். நான் சென்னை. இன்னொருத்தி திருச்சி, கல்யாணமானவள், கணவர் டல்லாஸில் வேலையில் இருந்தார். மூன்றாமவர் நாகர்கோவில்காரர், டாக்டர். பெண்கள் நாங்கள் இருவரும் ஒரு வயதான அம்மாள் வீட்டு மாடியில் தங்கினோம். டாக்டருக்குப் பக்கத்துத் தெருவில் இடம்.

டாக்டரை எனக்குப் பிடித்திருந்தது. இதைச் சொல்வதற்கு இப்போது வெட்கம் ஒன்றும் இல்லை. அப்போது உயிரே போனாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

அவருக்கு என்னைப் பிடித்திருக்கிறதா என்பதுதான் பிடிபடவே இல்லை. மனிதர் அப்படி ஒரு நியாயஸ்தர். சனிக்கிழமைகளில் பஸ் பிடித்து ஊர் சுற்றக் கிளம்புவோம். ஒரு வாரம் அருவி, ஒரு வாரம் மூடிப்போன வெள்ளிச் சுரங்கம், ஒரு வாரம் சந்தை. சந்தையில் மாங்காய்க்கு உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி எலுமிச்சை பிழிந்து தருவார்கள். வாங்கினால் மூவருக்கும் சமமாகப் பங்கு வைப்பார். ஆரஞ்சு உரித்தாலும் அப்படித்தான். அருவிக் கரையில் நான் புடவையைச் சரிசெய்துகொண்டு, வேண்டுமென்றே தனியாகப் போய் நின்றேன். காமிராவைக் கண்ணில் வைத்தவர், "அவங்களும் வந்திரட்டும்" என்று இறக்கிவிட்டார். திருச்சிக்காரி செருப்பைக் கழுவிக்கொண்டு வருகிற வரைக்கும் இருவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் காமிராவைப் பிடுங்கி அருவியில் போட்டிருப்பேன்.

இதற்கு நடுவில் நியூ ஜெர்சியில் இருந்த என் அண்ணன் எனக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டான். அவனோடு வேலை செய்யும் பையன். அப்பா அம்மாவுக்குச் சம்மதம். பையன் ஊருக்கு லீவில் கிளம்புவதற்குள் பேசி முடித்துவிட வேண்டும் என்று அண்ணனுக்கு அவசரம். "சண்டே எனக்கு கால் பண்ணி யெஸ்ஸா நோவான்னு சொல்லிடு. நோன்னா ஒரு ரீசன் இருக்கணும்" என்றான். என்னிடம் இருந்த ஒரே ரீசன் ஆரஞ்சுச் சுளை பங்கு வைத்துக்கொண்டிருந்தது.

அந்த ஊரில் இரவுக் கேளிக்கை என்றால் நடன விடுதி எல்லாம் இல்லை, பூங்காதான். சனிக்கிழமை இருட்டியதும் நடு மண்டபத்தில் பேண்டு வாசிப்பார்கள். வயசுப் பிள்ளைகள் எல்லாம் குளித்து உடுத்திக்கொண்டு மண்டபத்தைச் சுற்றி நடப்பார்கள். பெரியவர்கள் பெஞ்சுகளில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். நாங்கள் முதல் தடவை போனபோது, சுற்றுவதைப் பார்த்ததும் கால் தானாகவே கோயில் பிரகாரப் பழக்கத்துக்குப் போய்விட்டது. மண்டபத்தை வலப்பக்கம் வைத்து மூன்று பேரும் சேர்ந்து வலம் வந்தோம். சர்ச்சுக்குப் போகிற டாக்டரும் எங்களோடு பயபக்தியாக வந்ததுதான் வேடிக்கை. பெஞ்சுகளில் ஒரே சிரிப்பு. வீட்டுக்கார அம்மாள் ஓடி வந்து எங்களைப் பிரித்தார். ஆண்கள் வலமாக, பெண்கள் இடமாக. அதுதான் அங்கே முறை.

இன்னொரு முறையும் சொன்னார். ஒருவனுக்கு ஒருத்தியைப் பிடித்திருந்தால் எதிரே வரும்போது பூ கொடுப்பான். அடுத்த சுற்றிலும் அவள் கையில் அந்தப் பூ இருந்தால், அவன் தன் வரிசையை விட்டுத் திரும்பி அவளோடு நடக்கலாம். டாக்டர் இதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார், பாடம் கேட்பதுபோல.

அண்ணனுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஞாயிற்றுக்கு முந்தைய சனிக்கிழமை. நானும் திருச்சிக்காரியும் பெண்கள் வரிசையில் நடந்தோம். ஒவ்வொரு சுற்றிலும் டாக்டர் எதிரே வந்தார். அதுவரை நான் அவரை நேருக்கு நேர் அவ்வளவு பார்த்ததே இல்லை. திடீரென்று ஒரு சுற்றில் ஆளைக் காணோம். பூக்காரியிடம் நின்றுகொண்டிருந்தார். கடவுளே, வாயைத் திறக்காவிட்டாலும் பரவாயில்லை, கையையாவது நீட்டட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

நீட்டினார். வெள்ளைப் பூ, நல்ல வாசனை. வாங்கி முடிப்பதற்குள் திருச்சிக்காரிக்கும் ஒன்று நீட்டினார். பிறகு நேரே பெஞ்சுக்குப் போய் வீட்டுக்கார அம்மாளுக்கும் ஒன்று கொடுத்தார். கல்யாணமானவளுக்கும் பூ, கிழவிக்கும் பூ! பூங்காவே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அடுத்த சுற்றில் அவர் எதிரே வந்ததும் வரிசையை விட்டு விலகி வழியை மறித்தேன்.

"இது என்ன பழக்கம்? எல்லாருக்கும் குடுக்கறது?"

"இல்ல... உங்களுக்கு மட்டும் குடுத்தா யாரும் தப்பா நினைச்சிரக்கூடாதுல்லா?"

"நினைக்கட்டுமே! எல்லாருக்கும்னா எனக்கு வேணாம். எனக்கு மட்டும்னா குடுங்க. நாளைக்கு நான் எங்க அண்ணனுக்குப் பதில் சொல்லணும்."

பூவை அவர் கையில் திணித்தேன். மாப்பிள்ளை விஷயம் திருச்சிக்காரி சொல்லி அவருக்கும் தெரியும். விறுவிறுவென்று போனார். திருச்சிக்காரியிடம் கையை நீட்டி, கொடுத்த பூவைத் திரும்பக் கேட்டார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு கொடுத்தாள். பெஞ்சுக்குப் போய் அந்த அம்மாளிடமும் கேட்டு வாங்கினார். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, மூன்று பூவையும் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். பிறகு தன் வரிசையை விட்டுத் திரும்பி என்னோடு நடந்தார். காது சிவந்திருந்தது.

மறுநாள் தொலைபேசி நிலையத்துக் கூண்டிலிருந்து அண்ணனைக் கூப்பிட்டேன். வேண்டாம் என்றேன். காரணம் கேட்டான். டாக்டர், நாகர்கோவில், கிறிஸ்தவர் என்று ஒரே மூச்சில் சொன்னேன். மறுமுனையில் அண்ணன் கத்தினான்.

"என்ன தைரியம் இருந்தா அவன் உங்கிட்ட வந்து கேட்டிருப்பான்?"

"அவர் கேக்கலண்ணா. நான்தான் கேட்டேன்."

"நீயா?" என்றான். கோபம் போய்க் குரல் தழைந்திருந்தது.

"சரி. அப்பாகிட்ட நீ எதுவும் பேசாத. நான் சொல்றேன். முதல் திட்டு எனக்கே விழட்டும்."