கல்லிடைக்குறிச்சியின் கடலோர வானிலை

சங்கிலிபூதத்தான் அண்ணாச்சிக்குத் தொழில், மோட்டாருக்குக் காயில் கட்டுவது. கல்லிடைக்குறிச்சி மெயின் ரோட்டில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே கடை. கருகிப்போன மோட்டாரைக் கொண்டுபோய் இறக்கினால் மூன்றாம் நாள் ஓட வைத்துக் கையில் கொடுத்துவிடுவார். அதில் ஒருநாளும் சொன்ன சொல் தவறியதில்லை. ஆனால் ஊர் அவரை மோட்டாருக்காக மதிப்பதில்லை. வானிலைக்காகத்தான் மதிக்கிறது.

இந்த மதிப்பு 2023 டிசம்பர் வெள்ளத்தில் வந்து சேர்ந்தது. ஆறு ஊருக்குள் புகுந்த அன்று கடைத்தெருவில் எல்லாருடைய சரக்கும் நனைந்தது. அண்ணாச்சி கடையில் மட்டும் பதினொரு மோட்டாரும் பரணில் பத்திரமாக இருந்தன. வெள்ளையடிப்பதற்காக முந்தின நாள் அவற்றைத் தூக்கி மேலே வைத்திருந்தார். "அண்ணாச்சிக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குவே" என்று யாரோ சொன்னார்கள். அண்ணாச்சி மறுக்கவில்லை. சுண்ணாம்பு வாளியை மட்டும் பின்பக்கமாக நகர்த்தி வைத்தார்.

ஒரு மாதத்தில் 'பொருநை வானிலை' என்று வாட்ஸப் குழு தொடங்கிவிட்டார். இன்றைக்கு அதில் எண்ணூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு அந்த வாரத்துக்கான வானிலை அவர் குரலிலேயே வரும். கடையில் "லே, அந்த ஸ்பானரை எடு" என்று கத்துகிற அதே தொண்டை, ஆறு மணிக்குச் செய்தி வாசிப்பாளர் தொண்டையாகிவிடும். வானிலை மையத்தின் ஆங்கில அறிக்கையைப் படித்துப் பொருள் சொல்லும் வேலை, கடையில் அவருக்குக் கையாளாக இருக்கும் எனக்கு. எங்கள் தெருவில் முதலில் பட்டம் வாங்கியவன் நான், அதுவும் புவியியலில். ஆகவே அந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் ஊரில் இல்லை என்பதை நானும் மறுக்கவில்லை.

அண்ணாச்சியின் வானிலை ஒருநாளும் பொய்த்தது கிடையாது. "ஓரிரு இடங்களில் லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும்" என்பார். பெய்தால், சொன்னோம். பெய்யாவிட்டால், அந்த ஓரிரு இடத்தில் நம் ஊர் வரவில்லை.

தொல்லை என்னவென்றால், அவர் வாசிப்பது கடலோர மாவட்டங்களுக்கான அறிக்கை. திருநெல்வேலி மாவட்டத்துக்கு உவரிப் பக்கம் கொஞ்சம் கடல் இருக்கிறது. அதனால் பட்டியலில் மாவட்டத்தின் பெயர் வந்துவிடும். கல்லிடைக்குறிச்சியோ அங்கிருந்து எழுபது எண்பது கிலோமீட்டர் தள்ளி, மலையடிவாரத்தில் கிடக்கிறது. நான் இதை ஒருமுறை பக்குவமாகச் சொன்னேன்.

"அண்ணாச்சி, கடலோரத்துக்குச் சொல்லுதது நமக்குப் பொருந்தாது. நமக்கு மழை மலைப்பக்கமிருந்துல்லா வரும்?"

"ஏலே, உவரி எந்த மாவட்டம்?"

"திருநெல்வேலி."

"நாம எந்த மாவட்டம்?"

"திருநெல்வேலி."

"அப்ப நாம கடலோரம்தான். மூணு வருசம் காலேஜுக்குப் போயி இதைத்தான் படிச்சியாக்கும்?"

அன்றிலிருந்து கல்லிடைக்குறிச்சி கடலோரமானது. "மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்ற வரியையும் அண்ணாச்சி விடாமல் வாசிப்பார். குழுவில் மீனவர் ஒருவர்கூட இல்லை. வாய்க்காலில் தூண்டில் போடுகிற பாபநாசம் மட்டும் ஒருமுறை, "அண்ணாச்சி, கெண்டைக்கும் இது உண்டுமா?" என்று கேட்டான். "மறு அறிவிப்பு வரும்வரை பொறுத்திருக்கவும்" என்று பதில் போனது. பாவம், அவன் நான்கு நாள் பொறுத்திருந்தான்.

போன ஐப்பசியில்தான் பிரேமலதா அக்காவின் அப்பளம் இதில் வந்து மாட்டியது.

அக்கா ஆறு பெண்களை வைத்து வீட்டில் அப்பளம் போடுகிறாள். உளுந்து மாவு பிசைந்துவிட்டால் அன்றைக்கே உருட்டித் தேய்த்து வெயில் காட்டிவிட வேண்டும். வெயில் இல்லாவிட்டால் மாவு புளித்துப் போகும். ஆகவே விடிந்ததும் அவளுக்கு ஒரே கேள்வி: பிசையலாமா, வேண்டாமா?

அந்த வாரம் பாளையங்கோட்டைச் சமையல் காண்ட்ராக்டர் அப்பாத்துரை ஒரு கல்யாணத்துக்கு நாலாயிரம் அப்பளம் கேட்டிருந்தார். வெள்ளிக்கிழமை காலையில் அவர் கைக்குப் போய்விட வேண்டும். போனால் வருசம் முழுக்க அவர் எடுக்கிற கல்யாணங்களுக்கெல்லாம் அக்கா அப்பளம்தான். போகாவிட்டால் கடையில் மெஷின் அப்பளம் வாங்கிக்கொள்வார், பிறகு இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். திங்கட்கிழமை சாயங்காலம்தான் மில்லிலிருந்து உளுந்து மாவு வரும் என்பதால், அக்கா செவ்வாயும் புதனும் போட்டு முடிக்கலாம் என்று திட்டமிட்டிருந்தாள்.

ஞாயிறு ஆறு மணிக்கு அண்ணாச்சி குரல் வந்தது. குமரிக்கடலில் வளிமண்டலச் சுழற்சி. செவ்வாய் முதல் வியாழன்வரை கடலோர மாவட்டங்களில் கனமழை. ஆரஞ்சு எச்சரிக்கை. அக்கா பெண்களிடம், "வராதீங்கடி" என்று சொல்லிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை அடித்த வெயிலில் ரோட்டுத் தார் செருப்பில் ஒட்டியது. புதன்கிழமை அதைவிட மோசம். உவரியில் நல்ல மழை என்று தொலைக்காட்சியில் காட்டினார்கள். அண்ணாச்சி அந்தப் படத்தைக் குழுவில் போட்டு, "நமது கணிப்பின்படி" என்று எழுதினார்.

புதன் மாலை நாலு மணிக்கு அக்கா கடைக்கு வந்து நின்றாள். நானும் அங்கேதான் இருந்தேன்.

"அண்ணாச்சி, ரெண்டு நாள் வெயிலை வீணாக்கிட்டு நிக்கேன். நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு. மாவு பிசையவா, வேண்டாமா?"

"யம்மா பிரேமா, சுழற்சி இன்னும் வலுவிழக்கல பாத்துக்கோ. ஆனா ஓரிரு இடங்கள்ல..."

"ஓரிரு இடம் எனக்கு வேண்டாம். எங்க வீட்டு மொட்டைமாடிக்குச் சொல்லுங்க."

"வாய்ப்பு இருக்கு, இல்லாமலும் இருக்கலாம்."

"அதை எங்க வீட்டுப் பூனை சொல்லும்! பிசையவா, வேண்டாமா? ஒத்த வார்த்தை."

பக்கத்து டீக்கடையில் நின்றவர்கள் டம்ளரோடு இங்கே வந்துவிட்டார்கள். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் செப்புக் கம்பியைச் சுற்றுவதில் மும்முரமாக இருந்தேன். கடைசியில் தொண்டையைச் செருமினார். செய்தி வாசிக்கிற தொண்டை வரவில்லை.

"பிசை" என்றார்.

வியாழன் காலை எட்டு மணிக்கெல்லாம் அண்ணாச்சி அக்கா வீட்டு மொட்டைமாடியில் இருந்தார். தண்ணீர் மோட்டாரைப் பார்க்க வந்ததாகச் சொன்னார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை, அந்த மோட்டாரும் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் வேலையை ஒரே நாளில் முடிக்க, விடிய மூன்று மணிக்கே மாவு பிசைந்திருந்தார்கள். கீழே பெண்கள் தேய்க்கத் தேய்க்க, மேலே வெள்ளை வேட்டிகளை விரித்து அப்பளங்களைப் பரத்தினார்கள். அண்ணாச்சி கடல் இருக்கும் கிழக்குத் திசையைப் பார்த்து நாற்காலியைப் போட்டு, போனில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டார். அவருக்கு மோட்டார் தூக்கிக்கொடுக்க என்று நானும் போயிருந்தேன். வேலை இல்லாததால் வேட்டி ஓரத்தில் கல் வைத்தேன்.

ஒரு மணி இருக்கும். பரத்திய அப்பளங்களைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த சாலோமி, ஆறு பெண்களில் ஒருத்தி, நிமிர்ந்தாள்.

"அண்ணாச்சி, கொஞ்சம் பின்னால திரும்பிப் பாருங்க."

மேற்கே மலை இருந்த இடத்தில் மலை இல்லை. கன்னங்கரேல் என்று மேகம் இறங்கியிருந்தது.

"படத்துல ஒண்ணும் இல்லையே" என்றார் அண்ணாச்சி.

"அப்ப படத்தை அங்கன கொண்டுபோய்க் காட்டுங்க. பாத்துட்டு மேகம் திரும்பிப் போவட்டும்."

கடலில் சுழற்சி என்றால் மழை கடலிலிருந்துதான் வர வேண்டும் என்ற உறுதியில் அண்ணாச்சி மேலும் அரை நிமிடம் கிழக்கையே பார்த்தார். அதற்குள் பிடரியில் ஒரு துளி விழுந்தது. பிறகு அவர் ஓடிய ஓட்டத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. "ஏலே, அந்த முனையைப் பிடிலே! பைய! நொறுங்கிரும்!" என்று கத்திக்கொண்டே வேட்டிகளை முடிச்சாகக் கட்டி மாடிப்படியில் இறக்கினார். கடைசி இரண்டு வேட்டிகளை எடுப்பதற்குள் மழை வந்துவிட்டது.

கீழே வந்து எண்ணிப் பார்த்தார்கள். நானூறு அப்பளம் நனைந்து கூழாகியிருந்தது. தலையில் தண்ணீர் சொட்ட அண்ணாச்சி சுவரோரம் நின்றார்.

"பிரேமா, நானூறு குறையுதே. நான்தான் பிசையச் சொன்னேன்."

"குறையல அண்ணாச்சி. நூறு கூடத்தான் இருக்கு."

"எப்படி?"

"நீங்க பிசைன்னு சொன்னீங்கள்லா, அதுக்குன்னே ஐந்நூறு சேர்த்துப் போட்டேன்."

ஆறு பெண்களும் சிரித்ததில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணாச்சி மட்டும் துண்டை எடுத்து வெகுநேரம் தலை துவட்டிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் நாலாயிரம் அப்பளமும் பாளையங்கோட்டை போய்ச் சேர்ந்தன. அப்பாத்துரை அடுத்த முகூர்த்தத்துக்கும் சொல்லிவிட்டார். அண்ணாச்சி குழுவில், "வியாழன்வரை மழை எனக் கூறியிருந்தோம், வியாழனன்று பெய்தது" என்று போட்டார். எழுபது பேர் கைகூப்பியிருந்தார்கள்.

ஞாயிறு ஐந்தரை மணிக்கு நான் அறிக்கையோடு கடைக்குப் போனபோது, அண்ணாச்சி அதை வாங்கவில்லை. போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"யம்மா, நாளைக்கு மாவு பிசையுதியா?"

"விடிய அஞ்சு மணிக்கே பிசைஞ்சிருவோம். மேக்க மேகம் கட்டுததுக்குள்ள, ஒரு மணிக்கெல்லாம் அள்ளிருவோம். ஏன் அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்ல, சும்மாதான்."

ஆறு மணிக்கு அவர் குரல் வந்தது: "திங்கட்கிழமை, கல்லிடைக்குறிச்சியில் பகல் ஒரு மணிவரை நல்ல வெயில். அதன்பிறகு மலைப்பகுதியில் மேகமூட்டம்."