புள்ளி வைத்த பன்னிரண்டு கேள்விகள்

அக்காவுக்குச் சித்தப்பா வைத்த பெயர் ஆடிட்டர். சின்ன வயதில் பல் டாக்டர் அவளிடம் வலிக்காது என்று சொன்னபோது, "உங்களுக்கு இதே பல்லைப் பிடுங்கியிருக்காங்களா?" என்று கேட்டவள். அது திமிர் இல்லை. அவர் ஆமாம் என்றதும் உடனே வாயைத் திறந்துவிட்டாள்.

கல்லூரி நுழைவுத் தேர்வின் முடிவு வந்த அன்று வீட்டில் அவளைத் தவிர எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம். நல்ல மதிப்பெண். கட்டடப் பொறியியலுக்கு அவள் விரும்பிக் கேட்டிருந்த கல்லூரியிலேயே இடம் கிடைத்துவிட்டது, மயிரிழையில்தான் என்றாலும். அப்பா லிஃப்ட் மெக்கானிக். அன்று எந்தக் கட்டடத்துக்குப் பழுது பார்க்கப் போனாரோ, அங்கே ஒவ்வொரு மாடியிலும் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுத்தான் இறங்கினாராம்.

மறுநாளே சித்தப்பா வேறு ராகம் பாடினார். அவருக்கு ஜெராக்ஸ் கடை. வருகிற மாணவர்களின் சான்றிதழ்களையெல்லாம் நகலெடுக்கிறபோது படித்துவிடுவதால், தேர்வுகளைப் பற்றித் தனக்குத் தெரியாதது இல்லை என்று நினைப்பார். இன்னும் கொஞ்சம் மதிப்பெண் எடுத்திருந்தால் எல்லோரும் ஏங்குகிற பெரிய கல்லூரியே கிடைத்திருக்கும், ஒரு வருடம் வீட்டில் இருந்து மறுபடி எழுதட்டும் என்றார். அம்மா விதிமுறைகளைப் படித்துப் பார்த்தார். மறுபடி எழுதினால் இப்போதைய மதிப்பெண் செல்லாது, இந்த இடமும் கைவிட்டுப் போகும். இடத்தை ஒப்புக்கொண்டாலோ, மறுபடி எழுதுகிற பேச்சுக்கே இடமில்லை. வாரக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

யாரும் எதிர்பார்க்காமல் அக்கா சித்தப்பா பக்கம் சாய்ந்தாள். ஆனால் காரணம் வேறு. அந்தத் தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள். அதனால் தெரியாத கேள்விக்கும் நான்கு விடைகளில் ஏதாவது ஒன்றைக் குறித்துவிட்டு வருவதுதான் எல்லோருக்கும் வழக்கம். அக்காவும் பன்னிரண்டு கேள்விகளுக்கு அப்படிக் குறித்திருந்தாள், கேள்வித்தாளில் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்னப் புள்ளியும் வைத்துக்கொண்டு. சரியான விடைகள் வெளியானபோது புள்ளிகளில் ஏழு சரியாகியிருந்தன. அந்த ஏழு இல்லையென்றால் அவளுக்கு இந்த இடமே இல்லை.

"இது என் மார்க்தானான்னு தெரியலம்மா" என்றாள்.

"உன் பேரு, உன் நம்பரு, உன் மூஞ்சி எல்லாம் போட்டு வந்திருக்கு. வேற யாரு மார்க்காம்?"

"எழுதிப் பார்த்தா தெரிஞ்சுடும்."

"தெரிஞ்சுக்கறதுக்காக ஒரு சீட்டைத் தூக்கிப் போடுவியா?"

அக்கா கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அம்மா ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் கவுன்டரில் வேலை செய்பவர். குருட்டாம்போக்கில் எடுத்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? அதனால்தான் அவர் அதற்கு மேல் அவளை வற்புறுத்தவில்லை என்று நினைக்கிறேன்.

இரண்டு நாள் அக்கா அந்தக் கேள்வித்தாளோடுதான் சாப்பிட்டாள். ஏன் இந்த விடையைக் குறித்தேன் என்று ஒவ்வொரு புள்ளியாகத் தன்னையே கேட்டுக்கொண்டாள். ஒரு கேள்வியில், மற்ற மூன்று விடைகளின் அலகுகளும் பொருந்தவில்லை. அதைக் கண் பார்த்து, கை ஒதுக்கியிருக்கிறது, மனதுக்குத்தான் சேதி வரவில்லை. இன்னொன்றில், ஒரு சாதாரண உத்தரம் அவ்வளவு வளையாது என்று தோன்றியிருக்கிறது. இப்படி ஐந்துக்குக் காரணம் கிடைத்தது, அந்த ஐந்தும் சரியாக வந்தவை. மிச்சம் ஏழு. அவை சுத்தக் குருட்டடி. அந்த ஏழில்தான் இரண்டு சரி. அந்த இரண்டைக் கழித்தாலும் கல்லூரி கைநழுவிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் எல்லோரையும் சமையலறை மேசையைச் சுற்றி உட்கார வைத்தாள். புள்ளி வைத்த பன்னிரண்டு கேள்விகளுக்கும் நாங்கள் விடை குறிக்க வேண்டும். எதையும் விடக்கூடாது, பக்கத்துத் தாளைப் பார்க்கக் கூடாது. சித்தப்பா கடையில் எடுத்து வந்த நகல்கள் இன்னும் சூடாக இருந்தன. கேள்வித்தாள் பள்ளிக்கூட மொழியில் இருந்ததால், ஒவ்வொன்றையும் வீட்டு மொழியில் சொல்வது என் வேலை. சொன்னேனே தவிர, எனக்கும் ஒன்றும் புரியவில்லை.

முதலில் அப்பாவைத் தயார்படுத்த, தேர்விலிருந்து சுலபமான ஒன்றைக் கொடுத்தாள். உராய்வே இல்லாத கப்பியில் இரண்டு பக்கமும் ஒரே எடை தொங்குகிறது. ஒன்றைக் கீழே தள்ளிவிட்டால் என்ன ஆகும்? கொஞ்ச தூரம் போய் நின்றுவிடும் என்று அப்பா யோசிக்காமல் சொன்னார். நிற்காது, அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும் என்றாள் அக்கா. "அந்தக் கப்பி எங்க விக்கிறாங்கன்னு கேட்டுச் சொல்லு. எண்ணெய்ச் செலவாவது மிச்சமாகும்" என்று அப்பா பேனாவைத் திறந்தார்.

அம்மா அடுப்பில் ஒரு கண் வைத்தபடி எல்லாவற்றுக்கும் இரண்டாவது விடையையே குறித்துவிட்டு எழுந்து போனார். அப்பா சத்தமில்லாமல் எழுதினார். சித்தப்பா மட்டும் ஒவ்வொரு கேள்விக்கும் நெற்றியைச் சுருக்கினார், அடித்தார், திருத்தினார், கேள்வி தயாரித்தவரின் மனம் எப்படி வேலை செய்யும் என்று எங்களுக்கு விளக்கினார்.

அக்கா திருத்தினாள். அப்பாவுக்கு நான்கு. எனக்கு மூன்று. அம்மாவுக்கு மூன்று. சித்தப்பாவுக்கு இரண்டு.

"அண்ணி பார்க்கவே இல்லையே" என்றார் சித்தப்பா.

அக்கா சிரிக்கவில்லை. தாள்களை வரிசையாக அடுக்கி வைத்து மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்தாள். பிறகு, ஏதோ காணாமல் போன பொருள் வேறு அறையில் கிடைத்ததுபோல மெதுவாகப் பேசினாள்.

"ஒண்ணுமே தெரியாம குறிச்சாலும் நாலுல ஒண்ணு சரியாயிடுது. உங்க எல்லாருக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான் வந்திருக்கு. எனக்கு ஏழுல ரெண்டு."

"அப்ப அதிர்ஷ்டம்தானே? அதுக்குத்தான் மறுபடி எழுதச் சொல்றேன்" என்றார் சித்தப்பா.

"அதிர்ஷ்டம்தான் சித்தப்பா. ஆனா ஹால்ல இருந்த எல்லாருக்கும் அது வந்திருக்கும். அத்தனை பேர் மார்க்லயும் அது இருக்கு. எனக்கு மட்டும் கழிச்சுப் பார்த்துட்டு இருந்தேன். அது தப்புக் கணக்கு."

"சரி, அதை விடு. பெரிய காலேஜ்?"

அக்கா அதற்கும் நேர்மையாக யோசித்தாள். மறுபடி எழுதினால் அதிகமாகவும் வரலாம், குறைவாகவும் வரலாம், அங்கேயும் சில புள்ளிகள் இருக்கத்தான் செய்யும் என்றாள். தெரிந்துகொள்ள நினைத்தது தெரிந்துவிட்டது, அதற்கு ஒரு வருடம் தேவைப்படவில்லை. சித்தப்பா தன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அன்று மாலையே கணினி முன்னால் உட்கார்ந்து இடத்தை ஒப்புக்கொள்ளும் பக்கத்தைத் திறந்தாள். நாற்காலிக்குப் பின்னால் நாங்கள் நின்றோம். இதன்பின் மாற்ற முடியாது, உறுதிதானா என்று திரை கேட்டது. அழுத்தினாள். மறுபடியும் கேட்டது. மறுபடியும் அழுத்தினாள்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "தெரிஞ்சுதான் அழுத்தினியா, இல்ல இதுவும் குருட்டடியா?"

அக்கா நாற்காலியைத் திருப்பி அம்மாவைப் பார்த்தாள்.

"ரெண்டு விடையை ஒதுக்கிட்டேன்மா" என்றாள். "மிச்சம் ரெண்டுல ஒண்ணு குருட்டடிதான்."