கையை எடு

எங்கள் தேயிலை எஸ்டேட்டில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் கேமராவோடு நான்தான் நிற்பேன். அப்படிப்பட்டவனிடம் என் மனைவியின் வாய் தெரிகிற படம் ஒன்றுகூட இல்லை. வெற்றிலைக் கறைக்கு வெட்கப்பட்டு, கேமராவைக் கண்டாலே வாயைப் பொத்திக்கொள்வாள். எங்கள் கல்யாணப் படத்திலும் வழக்கப்படி தலையைக் குனிந்திருக்கிறாள், வகிடுதான் தெரிகிறது.

அந்த வாயில்தான் புற்று வந்தது. ஈப்போவில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மறுநாள் ஆப்பரேஷன், பாதித் தாடையும் நாக்கில் பெரும்பகுதியும் போய்விடும் என்றார் டாக்டர். கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலம் அது. மலையை விட்டு இறங்கவே என்னை விடவில்லை.

"முழு மூஞ்சியோட ஒரு போட்டோ வேணுங்க. நானே எடுத்துப் பாத்தேன், பயமா இருக்கு. நீங்க எடுங்க," என்று போனில் கேட்டாள்.

லயத்து வீட்டில் வீடியோவுக்குச் சிக்னல் போதாது. கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு ஓடினேன். வீடியோவில் வந்தாள். ஜன்னல் முதுகுக்குப் பின்னால். முகம் ஒரே இருட்டு.

"ஜன்னலப் பாத்து உக்காரு. போனத் தலகாணியில சாச்சி வையி."

திரும்பினாள். வெளிச்சம் விழுந்ததும் கை தன்னால் வாய்க்குப் போனது.

"கைய எடு."

"பழக்கமாயிருச்சிங்க."

எடுத்தாள். திரையைப் படம் பிடிக்க நான் பொத்தானை அமுக்குவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அவள் முகம் கட்டம் கட்டமாக உடைந்து மறைந்தது. கூப்பிட்டேன், போகவில்லை. திரும்பவும் கூப்பிட்டேன். நாங்கள் யாருக்கு என்ன கெடுதல் செய்தோம்? தகரச் சுவரை எட்டி உதைத்தேன். வெளியே நின்ற கொழுந்து லோரியின் மேல் ஏறி, நனைந்துகொண்டே போனைத் தூக்கிப் பிடித்தேன். வந்தாள். மறுபடியும் கை!

"கைய எடுடி! கைய எடு!"

மேட்டில் கொழுந்தெடுத்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் அதிர்ந்து கையை இறக்கினாள். வீங்கிய கன்னம், கறைப் பற்கள், என்னையே பார்க்கிற கண்கள். அமுக்கிவிட்டேன்.

அனுப்பிய பிறகுதான் பார்த்தேன். படத்தின் மூலையில், சின்னக் கட்டத்துக்குள், வாய் கோணி அழுகிற என் முகமும் விழுந்திருந்தது. இத்தனை கல்யாணம் எடுத்தவன் செய்கிற வேலையா இது!

"ஐயோ, இரு, என் மூஞ்சிய எடுத்துட்டு அனுப்புறேன்."

"வேணாங்க. இருக்கட்டும் லா. நீங்களும் பக்கத்துல இருக்கீங்க," என்றாள். அதற்குள் நர்ஸ் போனை வைக்கச் சொல்லிவிட்டார்.

இன்று அவள் பேசுவது எனக்கே பாதி விளங்காது. சலித்துப்போய் கையால் காட்டுகிறாள். முகம் போய்விடுமே என்று அடித்துக்கொண்டேனே தவிர, குரலும் போய்விடும் என்று எனக்கு உறைக்கவே இல்லை. அவ்வளவு நேரம் போனில்தானே பேசிக்கொண்டிருந்தாள், பாவி நான்! பதிவுசெய்ய ஒரு பொத்தானை அமுக்கியிருந்தால் அதுவும் என்னிடம் இருந்திருக்கும்.